கையிருப்பில் வைத்திருந்த பகிடி

எங்கள் மூத்தோர் சங்கத்தின் தேர்தலில் என் அணி முழுவதும் தோற்றுப்போனது. தலைவரான நான் மட்டும் மிஞ்சினேன். எங்கள் யாப்பு, அதாவது சங்க விதி, அப்படி: தலைவருக்கு இரண்டு வருடம், மற்றவர்களுக்கு ஒரு வருடம். என்னோடு நின்றவர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எதிரணிக்காரரின் நடுவே மேசைத் தலைப்பில் என்னை இருத்தி வைத்தது சபை.

தோல்விக்குக் காரணம் சோறு. சிட்னியில் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில் சனிக்கிழமைகளில் கூடுவோம். பெண்கள் முறை வைத்துச் சமைத்துக்கொண்டு வருவார்கள். என் செயற்குழு அதை நிறுத்திக் கடையில் சோற்றுப் பார்சல் எடுப்பிக்கத் தொடங்கியது. பெண்களுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்பது எங்கள் எண்ணம். அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் கத்தரிக்காய்க் கறியைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவும் பாராட்டிக்கொள்ளவும் இருந்த ஒரே இடத்தை நாங்கள் பிடுங்கிவிட்டோம் என்பது தேர்தல் அன்றுதான் விளங்கியது.

இவ்வளவும் சிரிக்கிற விஷயம்தான். நானும் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். நான் எழுத வந்தது அந்தச் சிரிப்பைப் பற்றி.

என் அணியில் உபதலைவர் பதவிக்கு நின்றவர் என் நண்பர். சிட்னிக்கு வந்த காலத்தில் ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் வரைபடம் கீறியவர்கள் நாங்கள். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு. என்னை "அண்ணை" என்பார். நான் அவரை "ஐசே" என்பேன். இந்த வயதிலும் அது மாறவில்லை. பதவிக்கு ஆசைப்படுகிற மனிதர் இல்லை. ஆகவே தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முந்தி, அவர் காரில் ஒன்றாக வந்துகொண்டிருந்தபோது அவராகவே, "அண்ணை, என்னையும் உங்கட அணியில போடுவியளோ?" என்று கேட்டபோது எனக்குப் புதுமையாக இருந்தது.

"என்ன ஐசே, அரசியல் ஆசை பிடிச்சிட்டுதோ?"

அவர் சிரிக்கவில்லை. டூங்கபியில் அவர் வீட்டு வாசலில் கார் நின்றது. எஞ்சினை நிறுத்திவிட்டும் இறங்காமல் இருந்தார்.

"இவவுக்கு மறதி துவங்கியிட்டுது அண்ணை. டொக்டர் வருத்தத்தின்ர பேரைச் சொல்லிப்போட்டார். பிள்ளையளுக்குத் தெரியும், இப்ப உங்களுக்குத் தெரியும். வேற ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் தொடர்ந்து சொன்னார். சனிக்கிழமைகளில் மண்டபத்துக்கு வந்தால் அவர் மனைவி நன்றாக இருக்கிறாராம். கதிரைகளை இழுத்துப் போடுவது, கோப்பைகளை அடுக்குவது, தேத்தண்ணி ஊற்றுவது, இப்படி ஒரு வேலை கையில் இருந்தால் மறதி வெளியே தெரியாதாம். செயற்குழுவில் இருப்பவர்கள் முன்னதாக வந்து மண்டபத்தை ஆயத்தம் பண்ணி, கடைசியாகப் போவார்கள். தானும் செயற்குழுவில் இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து அந்த வேலைகளில் விடலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

"தெரிஞ்சால் என்ன ஐசே? எங்கட சனம்தானே."

"தெரிஞ்சா அவவோட கதைக்கிற விதம் மாறியிடும் அண்ணை. இப்ப அவவை அக்கா எண்டு கூப்பிட்டு, சண்டை பிடிச்சு, பகிடி பண்ணிக் கதைக்கினம். அது எவ்வளவு காலத்துக்கு ஏலுமோ அவ்வளவு காலத்துக்கு அப்பிடியே இருக்கவேணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

நான் கையடித்துச் சத்தியம் செய்யவில்லை. எங்கள் வயதில் அப்படிச் செய்வதில்லை. "நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன். அதைவிடப் பெரிய வாக்கு எங்களுக்குள் இல்லை.

எங்கள் தேர்தல் கையுயர்த்தித்தான் நடக்கும். வாக்குச்சீட்டு வேண்டும் என்று வருடா வருடம் யாராவது சொல்வார்கள். வருடா வருடம் கையையே உயர்த்துவோம். போட்டியிடுபவர்கள் இருவரையும் சமையல் குசினிக்குள் அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவது வழக்கம். யார் யார் கை தூக்கினார்கள் என்று பார்த்துப் பிறகு மனஸ்தாபப்படக்கூடாது என்பதற்காக. அதோடு, யாரும் சொல்லாமலே ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் இருப்பார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஆஸ்திரேலியாவில் இருந்தும், மண்டபத்துக்குள் வந்ததும் கணவனும் மனைவியும் இரண்டாகப் பிரிந்துபோவோம்.

ஆக, மேடையில் தலைவர் கதிரையில் இருந்து சபையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். நண்பரின் பெயரைச் சொன்னதும் என் மனைவியின் கை உட்படச் சில கைகள் எழுந்தன. நண்பரின் மனைவி, எழுந்த கைகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கைப்பையை மடியில் சரிசெய்தார். கை எழவில்லை. அடுத்ததாக எதிரணிக்காரரின் பெயரைச் சொன்னார்கள். அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்தவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண்கள் பக்கம் ஏறக்குறைய முழுவதும் ஒன்றாகக் கை தூக்கியது. நடுவிலே நண்பரின் மனைவியும் தூக்கினார். நன்றாக, பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி, நேராக.

அவருடைய ஒரு கை எதையும் மாற்றியிருக்காது. நண்பர் நிறைய வாக்குகளால் தோற்றார். குசினிக் கதவு திறந்ததும் வெளியே வந்து, வென்றவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு மனைவியைத் தேடிப் பார்த்துப் புன்னகைத்தார். அவரும் புன்னகைத்தார். நான் கண்டதை நண்பரிடம் சொல்லவில்லை. அது சரியான முடிவு. அந்த நாளில் நான் செய்த சரியான காரியம் அது ஒன்றுதான், அதையும் பிறகு நானே கெடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை புதிய செயற்குழுவை வரவேற்கும் மதிய விருந்து. தலைவர் பேசவேண்டும். மனைவி அன்று காலையே சமையலுக்கு உதவப் போய்விட்டாள். நான் பரமட்டாவில் ஒரு அலுவலை முடித்துக்கொண்டு தனியே ரயிலில் போனேன். ரயிலில் என்னுடைய பகிடிகளை ஒழுங்குபடுத்தினேன். தோற்றவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் சனம் இரங்கும். அதை என்னால் தாங்க முடியாது. சிரிக்கப் பண்ணினால் தோல்வி என்னைத் தொடவில்லை என்று நினைப்பார்கள். அதுதான் கணக்கு.

முதலில் என்னைப் பற்றியவை. அடுத்து சோற்றுப் பார்சல் பற்றியவை. கடைசியில் நண்பரின் மனைவியின் கை ஞாபகத்துக்கு வந்தது. நல்ல பகிடி. கேட்ட உடனேயே மண்டபம் வெடிக்கும் என்று தெரிந்தது. வேண்டாம் என்று தள்ளினேன். தள்ளினேனே ஒழிய, தூக்கி எறியவில்லை. மற்றவை எடுபடாவிட்டால் தேவைப்படலாம் என்று கையிருப்பில் வைத்துக்கொண்டேன். வாய் தவறி வந்தது என்று பிறகு பலமுறை சொல்லிப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறேன். தவறி வரவில்லை. வென்ட்வேர்த்வில்லில் நான் இறங்கியபோது அது என்னோடுதான் இறங்கியது.

பேச்சு நன்றாகத் தொடங்கியது.

"மதிப்புக்குரிய புதிய செயற்குழுவே! பழைய செயற்குழுவில மிஞ்சிப்போன கடைசிக் கரண்டிச் சோறு கதைக்கிறன்."

சிரித்தார்கள்.

"பார்சலைத் திறந்து பாத்த சனம் எங்களையும் திறந்து பாத்திருக்கு. உள்ள ஒண்டும் இல்லை எண்டு கண்டு மூடிப்போட்டுது. மற்றவைக்கு விடுதலை. எனக்கு மட்டும் இன்னும் ஒரு வருஷம் தண்டனை."

"நல்ல நடத்தைக்குக் குறைப்பினம் அண்ணை!" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"என்ர நடத்தைக்குக் கூட்டுவினம்!" என்றேன்.

மண்டபம் கைதட்டியது. என்னைத் தோற்கடித்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். கையிருப்பு தேவைப்படவே இல்லை. எல்லாம் எடுபட்டிருந்தது. ஆனால் சிரிப்பு வரும்போது இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று ஒரு பசி வருகிறது. அவர்கள் என்னை விரும்புகிறார்கள், வாக்குப் போடாவிட்டாலும் விரும்புகிறார்கள் என்று எனக்குப் பட்டது. அதை இன்னும் ஒருமுறை கேட்க விரும்பினேன்.

"எங்கட உபதலைவர் வேட்பாளர், பாவம், குசினிக்குள்ள நிண்டவர். அவருக்கு இன்னும் ஒரு விஷயம் தெரியாது. மேடையில இருந்த எனக்குத்தான் தெரியும். எதிரணிக்கு முதல் முதல் தூக்கின கை ஆற்ற கை தெரியுமோ? அவற்ற வீட்டுக்கார அம்மாவின்ர கை! ஐசே, வீட்டில என்ன சண்டையெண்டு நான் கேக்கேல்லை. இனிச் சோறும் இல்லை, பார்சலும் இல்லை, நீர்தான் சமைக்கவேணும்!"

முதல் தூக்கிய கை அவருடையது அல்ல. பகிடிக்காக நான் அதை முதலாவது ஆக்கினேன்.

மண்டபம் வெடித்தது. நண்பரும் சிரித்தார். சிரித்தபடியே பெண்கள் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்தில் அது அப்படியே நிற்க, கண் மட்டும் மாறியதை நான் மேடையிலிருந்து பார்த்தேன். தன் மனைவி என்ன செய்தார் என்பதை அவர் அப்போதுதான், என் வாயால்தான், அறிகிறார்.

பெண்கள் அவர் மனைவியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை.

"நல்ல வேலை செய்தனீங்கள் அக்கா!"

"மனுசனுக்குப் படிப்பிச்சுப் போட்டீங்கள்!"

அவரும் அவர்களோடு சிரித்தார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம், "நான் என்ன செய்தனான்?" என்று கேட்டார்.

"அவருக்கு எதிரா கை தூக்கினீங்களாமே!"

"ஆருக்கு?"

"உங்கட அவருக்கு!"

"நான் என்ன செய்தனான்?" என்று திரும்பவும் கேட்டார். அதையே இன்னொருமுறை கேட்டபோது குரல் உயர்ந்துவிட்டது. எழுந்து நின்றார். கணவர் ஆண்கள் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தபோதும் வேறு திசையில் அவரைத் தேடினார். "நான் ஒண்டும் செய்யேல்லை. நான் ஒண்டும் செய்யேல்லைப் பிள்ளையள்" என்று சொல்லிக்கொண்டு அழத் தொடங்கினார்.

சிரிப்பு ஒரு பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல நின்றது. பெண்களுக்கு விளங்கிவிட்டது. எங்கள் வயதில் அதை விளங்கிக்கொள்ள அதிக நேரம் எடுக்காது. எல்லோருக்கும் வீட்டிலோ அயலிலோ ஒருவர் இருக்கிறார். ஒரு பெண் அவர் முதுகைத் தடவி, "ஓமோம் அம்மா, ஒண்டுமில்லை அம்மா, இருங்கோ அம்மா" என்று மெல்ல, சொல் சொல்லாகச் சொன்னார். ஒரு நிமிடத்துக்கு முன்னே "அக்கா" என்று அழைத்துப் பகிடி பண்ணியவர் அவர்தான்.

அப்படித்தான் அது முடிந்தது. நண்பர் எவ்வளவு காலத்துக்கு ஏலுமோ என்று கேட்ட காலம் அந்த இடத்தில் முடிந்தது.

நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோயம்புத்தூர்க்காரர் மேடைக்கு வந்து மெல்ல அதை வாங்கினார். அவருக்கு நடந்தது முழுதாக விளங்கியிருக்கவில்லை. "கலக்கிட்டீங்க சார். நீங்க எப்பவும் ஸ்போர்ட்டிவ்தான்" என்று என் தோளைத் தட்டினார்.

கார் நிறுத்துமிடத்தில் நண்பரைப் பிடித்தேன். மனைவியை முன் சீட்டில் இருத்தி பெல்ட் போட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"நீங்கள் கண்டனீங்களோ அண்ணை, அவ கை தூக்கினதை?"

"ஓம்."

"தூக்கேக்கை எப்பிடி இருந்தவ?"

எனக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை.

"சந்தோசமா இருந்தவவோ?"

"ஓம். எல்லாரோடயும் சேந்து தூக்கினவ. சிரிச்சுக்கொண்டு."

தலையாட்டினார். அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "போட்டு வாறம்" என்று சொல்லிக் காரில் ஏறினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் என் மனைவி, "அவவுக்கு இப்பிடி எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

பகிடியைவிட இந்த ஒரு சொல்லுக்காக நான் அதிகம் வெட்கப்படுகிறேன். பகிடியை மண்டபத்தின் சிரிப்பு என்னிடமிருந்து இழுத்தது என்றாவது சொல்லலாம். இதை யாரும் இழுக்கவில்லை. அடுத்து வந்த சனிக்கிழமைகளில் மண்டபத்திலும் அதே பொய்தான். "பாவம், உங்களுக்கும் தெரியாதுதானே அண்ணை, மனசைப் போட்டு வருத்தாதேங்கோ" என்று என்னிடம் வந்து ஆறுதல் சொன்னார்கள். தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார்கள். நான் தலையாட்டினேன். நண்பரின் மனைவிக்குக் கிடைக்கவேண்டிய இரக்கத்தில் ஒரு பங்கை நான் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

நண்பர் நினைத்திருந்தால் ஒரு சொல்லில் என்னை உரித்திருக்கலாம். யார் கேட்டபோதும், "அண்ணைக்கு எப்பிடித் தெரியும், நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே" என்றுதான் சொன்னாராம். என் மனைவியிடமே அப்படிச் சொன்னார். அவள் வந்து என்னிடம் சொன்னாள். அன்றுதான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் என்னை ஏசவில்லை. "அப்ப அந்த மனுசனையும் உங்களுக்காகப் பொய் சொல்ல வைச்சிட்டீங்கள்" என்றாள்.

மறுநாளே டூங்கபிக்குப் போனேன். நண்பரின் மனைவிதான் கதவைத் திறந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வாங்கோ வாங்கோ. இஞ்சேருங்கோ, பகிடிக்காரர் வந்திருக்கிறார்!" என்று உள்ளே குரல் கொடுத்தார். அவருக்கு விருந்து ஞாபகம் இல்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்பதையும் எழுதவேண்டும். ஒரு கணம் ஆறுதலாகத்தான் இருந்தது.

அவர் தேத்தண்ணி போட உள்ளே போனதும் நண்பரிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த சனிக்கிழமை மண்டபத்தில் எழுந்து நின்று, எனக்குத் தெரிந்திருந்தும்தான் அப்படிப் பேசினேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறேன் என்றேன்.

"வேண்டாம்."

"நான் சொல்லத்தான் வேணும் ஐசே."

"அது உங்களுக்கு வேணும் அண்ணை. எனக்கு வேண்டாம். திரும்பவும் மைக்கைப் பிடிச்சு அவவைப் பற்றிக் கதைக்காதேங்கோ."

மண்டபத்துக்காவது திரும்ப வாருங்கள் என்றேன். சனம் அன்பாகத்தான் இருக்கிறது, எல்லோரும் கேட்கிறார்கள் என்றேன்.

"ஒருக்காக் கூட்டிக்கொண்டு வந்தனான், நீங்கள் வராத ஒரு சனிக்கிழமை. கதிரையைத் தூக்கப் போனா. மூண்டு பேர் ஓடிவந்து பறிச்சிட்டினம். 'நீங்கள் இருங்கோ அம்மா' எண்டு. அன்பாத்தான். அவ முழுநாளும் கையை மடியில வைச்சுக்கொண்டு இருந்தா."

அடுத்த மாதமே நான் தலைவர் பதவியை விட்டேன். தோல்வி மனதைப் பாதித்துவிட்டது என்று சனம் பேசிக்கொண்டது. அதை மறுக்க எனக்கு வழியில்லை. நண்பரும் மனைவியும் அந்த வருடமே வீட்டை விற்று, மெல்பேர்னில் மகள் வீட்டுக்கு அருகே போய்விட்டார்கள்.

இதை எழுதலாமா என்று அண்மையில் போனில் கேட்டேன். "இப்ப மறைக்கிறதுக்கு ஒண்டும் இல்லை அண்ணை" என்றார். "பேர் போடாதேங்கோ. பகிடியா எழுதாதேங்கோ." மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்றால் என்ன நிலை என்று எனக்கு விளங்கியது. மேலும் கேட்கவில்லை.

ஆனால் அவர்கள் போன புதிதில் மறைப்பதற்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. அப்போது ஒருமுறை அவர்களைப் பார்த்தேன். மருமகன் ஒருவரைப் பார்க்க மெல்பேர்னுக்குப் போனவன், கேரம் டவுன்ஸ் கோயிலில் சந்திக்கலாமா என்று நண்பரைக் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு வரச் சொன்னார். மருமகன் என்னை இறக்கிவிட்டு, இரண்டு மணித்தியாலம் கழித்து வருகிறேன் என்று போய்விட்டார்.

கோயில் சாப்பாட்டு மண்டபத்தில் நண்பரின் மனைவி நான்கைந்து பெண்களோடு நீண்ட மேசையில் இருந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார். கை வேகமாக ஓடியது. பக்கத்தில் இருந்த பெண் அவர் கட்டிய சரத்தைத் தூக்கிப் பார்த்து, "என்னக்கா இது, சாமிக்கா, யானைக்கா? இவ்வளவு நெருக்கிக் கட்டினா பூவெல்லாம் தீந்துடும்" என்றார். "உங்கடதைப் பாருங்கோ, பல்லு விழுந்த வாய் மாதிரி" என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது என்பது எனக்கு உடனே விளங்கியது. நண்பர் வீட்டை விற்றுவிட்டு இவ்வளவு தூரம் வந்தது இந்த மேசைக்காகத்தான்.

நான் கிட்டப் போனேன். நண்பர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். பிடித்த கையை விடாமல், மேசையின் மறுகோடியில் ஒரு கதிரையில் என்னை இருத்தித் தானும் எனக்கும் பெண்களுக்கும் நடுவே இருந்துகொண்டார்.

"இவங்க யாருக்கா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். தெரிந்த முகம் என்பது கண்ணில் இருந்தது. யார் என்பது வரவில்லை. தேடினார். எனக்கு வாயில் ஒரு பதில் வந்தது, சிரிக்கக்கூடிய பதில்தான், அவரைக் காப்பாற்றக்கூடிய பதில்கூட. வாயைத் திறப்பதற்குள் நண்பர் முந்திக்கொண்டார்.

"சிட்னியில எங்களோட வேலை செய்தவர்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, மரியாதையாகச் சொன்னார்: "உங்கட மருமகன் வெளியில பாத்துக்கொண்டு நிப்பார் என்ன, அண்ணை?"

மருமகன் வர இன்னும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. அது நண்பருக்கும் தெரியும். வந்தவுடனேயே அவரிடம் சொல்லியிருந்தேன்.

"ஓம், நிப்பார்" என்றேன். எழுந்து எல்லோருக்கும் கைகூப்பிவிட்டு வெளியே வந்து, கார் நிறுத்துமிடத்து ஓரத்தில் நிழலாக ஒரு இடம் பார்த்து நின்றேன்.